இலங்கையின் வடக்கே, வன்னியில் உங்கள் ஊர் ரயில் நிலையத்துக்கு என்ன கதை இருக்கிறது?

எங்கள் ஊர் முறிகண்டி. ஏ9 வீதியால் போகிறவர்களுக்குப் பிள்ளையார் கோயிலும் கச்சானும் (வேர்க்கடலை)தான் தெரியும். வாகனத்தை நிறுத்தி, தேங்காய் உடைத்து, ஒரு சரை கச்சான் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இங்கே ஒரு ஸ்ரேசனும் இருக்கிறது.

நான் 1991 இல் பிறந்தவன். அதற்கு முதல் வருசம், 1990 ஜூன் 13 உடன், யுத்தத்தால் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றுவிட்டது. அதனால் தண்டவாளத்தை நான் முதன்முதலில் பார்த்தது எங்கள் வீட்டுப் பங்கருக்கு (பதுங்குகுழிக்கு) மேலேதான். குறுக்கே இரண்டு துண்டுத் தண்டவாளம், அதன்மேல் சிலிப்பர் கட்டைகள், அதற்கும் மேல் மண்மூட்டை. கட்டையில் ஆணி இறுக்கிய துளைகள் அப்படியே இருக்கும், மாரிமழைக்கு அந்தத் துளையால்தான் தண்ணீர் சொட்டும், அம்மா பழைய சாரத்துணியைத் திரித்து அதற்குள் அடைப்பார். வெயில் ஏறினால் கட்டையிலிருந்து தார் மணம் வரும். இன்றைக்கும் எங்கேயாவது அந்த மணம் வந்தால் நெஞ்சு இறுகுகிறது. இயக்கமும் (புலிகளும்) ஆமியும் காவலரணுக்கென்று கழற்றி, சனமும் பங்கருக்குக் கழற்றி, கடைசியில் மிஞ்சியது மண்மேடு மட்டும்தான். அதில்தான் நாங்கள் சைக்கிள் ஓடிப் பழகினோம்.

இந்தப் பாதை பழையது. 1902 இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் ஓடத் தொடங்கி, 1905 இல் வன்னிக் காட்டை ஊடறுத்துக் கொழும்போடு இணைந்தது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகிற யாழ்தேவி ரயில் 1956 ஏப்ரலில் வந்தது. 1985 ஜனவரி 19 இல் அந்த யாழ்தேவியை எங்கள் ஊருக்கு அருகில்தான் குண்டு வைத்துத் தகர்த்தார்கள், படையினரோடு பொதுமக்களும் செத்தார்கள். கோயிலையும் கச்சானையும் பற்றி எழுதுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, திரும்பி வந்த கதை. 2011 இல் ரயில் ஓமந்தை வரை வந்தது. அங்கிருந்து வடக்கே இந்தியக் கடனுதவியில் இந்தியாவின் இர்கொன் நிறுவனம் பாதையைப் புதிதாகப் போட்டது. 2013 செப்டம்பர் 14 இல் கிளிநொச்சிக்கு ரயில் வந்தது. அந்தத் துண்டோடுதான் புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி எல்லாம் உயிர்த்தன. யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபரில் போய்ச் சேர்ந்தது. முதல்முறை ரயில் கூவிக்கொண்டு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அம்மா படலையைப் பிடித்துக்கொண்டு நின்று, "உதிலை ஏறித்தான் உன்ர அப்பப்பா கொழும்புக்கு வெளிக்கிடுறவர்" என்றார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

இப்போது சின்ன மேடை, ஒற்றைப் பாதை, கொங்கிரீட் சிலிப்பர்கள். எல்லா வண்டியும் நிற்காது. எங்களுக்கும் கிளிநொச்சிக்கும் நடுவில் அறிவியல்நகரிலும் ஒரு ஸ்ரேசன் இருப்பதால், அங்கே யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாயப் பீடங்களுக்குப் போகிற பிள்ளைகள் புத்தகப் பையோடு இறங்குவார்கள். பங்கர் என்றால் என்னவென்று அவர்களில் பலருக்குச் சொல்லித்தான் விளங்கப்படுத்த வேண்டும். அதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோசம்.

1990 க்கு முதல் முறிகண்டி ஸ்ரேசனில் வேலை செய்தவர்கள், அங்கே ஏறி இறங்கியவர்கள் யாராவது இதை வாசித்தால், பழைய கட்டடம் எப்படி இருந்தது என்று கீழே எழுதுங்கள். இடப்பெயர்வில் எங்கள் வீட்டில் ஒரு படம்கூட மிஞ்சவில்லை.