மீட்டரை மாற்றியும் தீராத கோளாறு: பட்டறை மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: எனக்குச் சங்ககிரி பக்கம். 2016 மாடல் லாரி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி நானே ஓட்டுகிறேன். மாற்றுக்கு ஒரு டிரைவர் உண்டு. நாமக்கல்லில் முட்டை ஏற்றிக் கேரளா போவதுதான் பிழைப்பு. நாலு மாதமாக ஸ்பீடோமீட்டர் முள் ஓடும்போதே பூஜ்யத்துக்கு விழுந்துவிடும். அதே நொடி, ஆக்ஸிலேட்டர் மிதிக்காமலே ஒரே வேகத்தில் ஓட வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலும் விட்டுப்போகும். பைபாஸ் பட்டறையில் மீட்டரே போய்விட்டது என்று புதிது மாட்டி 38,000 ரூபாய்க்கு பில் போட்டார்கள். பத்தே நாளில் பழைய கதை. மறுபடி போனதற்கு வயரிங் வேலை என்று 9,000 வாங்கினார்கள், அதற்கு பில் இல்லை. கடைசியில் எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கியர்பாக்ஸில் வேகத்தை அளக்கும் சென்சாரை மாற்றி 2,600 ரூபாயில் சரி செய்துவிட்டார். நடுவில் பெருந்துறை அருகே 91 கிலோமீட்டர் வேகம் என்று இ-சலான் வேறு. மீட்டர் ஓடாததால் வேகம் தெரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாமா? பட்டறையில் கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: சலானை முதலில் பார்த்துவிடுவோம். நீங்கள் சொல்ல நினைக்கும் அந்தப் பதிலை மட்டும் சொல்லிவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 183-வது பிரிவுக்கு வண்டி எவ்வளவு வேகத்தில் போனது என்பதுதான் கணக்கு. டிரைவருக்கு அது தெரிந்ததா என்பது அல்ல. மத்திய மோட்டார் வாகன விதி 117-ன்படி ஸ்பீடோமீட்டர் கட்டாயம். கோளாறு தெரிந்தே வண்டியை ரோட்டில் ஓட்டினால் 190-வது பிரிவு வரும். 'நாலு மாதமாக முள் விழுகிறது' என்று எழுதிக் கொடுத்தால், ஒரு சலானைத் தள்ளப்போய் இன்னொன்றுக்கு நீங்களே கையெழுத்துப் போட்ட மாதிரி.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2015 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாரான சரக்கு வண்டிகளுக்கு விதி 118-ன்படி 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி கம்பெனியிலோ டீலரிடமோ கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வைத்து வர வேண்டும். உங்கள் வண்டி அந்தக் கணக்கில் வருகிறது. அப்படியிருக்க 91 எப்படி வந்தது? கவர்னருக்கும் வேகத்தைச் சொல்வது பெரும்பாலும் அதே சென்சார்தான். சென்சார் செத்ததால் கவர்னரும் தூங்கியிருக்கலாம். ஆனால் அதிகாரி அப்படி நினைக்க மாட்டார். வேகமாகப் போக வேண்டுமென்றே வயரைப் பிடுங்கி விட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் சந்தேகிப்பார். லாரிக்காரர்கள் சிலர் அதைச் செய்வதும் உண்மைதானே.

சலானை எதிர்க்க வேறு வழி இருக்கிறதா என்று பாருங்கள். விதி 167ஏ-யின்படி கேமரா கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்று வேண்டும். சம்பவம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். படத்தில் இருப்பது உங்கள் வண்டிதானா, நம்பர் சரியா என்றும் பாருங்கள். வைகுந்தம், விஜயமங்கலம் டோல்களில் ஃபாஸ்டேக் பதிந்த நேரத்தைக் காட்டி, சராசரி வேகம் குறைவு என்று சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்காமல் அதை வெளியே எடுக்காதீர்கள், எதிராகவும் திரும்பும். இதில் எதுவும் தேறாவிட்டால் அபராதத்தைக் கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள்.

சரி, பட்டறைக்கு வருவோம். வண்டி வியாபாரத்துக்கு ஓடுகிறது, அதனால் நீங்கள் நுகர்வோரே இல்லை என்று அவர்கள் வக்கீல் முதல் வரியிலேயே எழுதுவார். பயப்பட வேண்டாம். பிழைப்புக்காகத் தானே உழைத்துச் சம்பாதிக்க வாங்கிய பொருள் 'வணிக நோக்கம்' ஆகாது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. நம் கோவை பீளமேட்டு பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் எதிர்த்தரப்பாக இருந்த லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில், 1995-ல் உச்ச நீதிமன்றம் லாரியையே உதாரணம் காட்டியது: தானே ஓட்டிப் பிழைக்க லாரி வாங்கியவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. அந்த வழக்கில் இயந்திரம் வாங்கியவர் தோற்றார் என்பது வேறு விஷயம்; அவருடைய தொழிலும் இயந்திரத்தின் விலையும் பெரிது. உங்களுக்கு ஒரே வண்டி, ஒரு மாற்று டிரைவர்.

இனி, வழக்கின் உயிர்நாடி. தப்பாகக் கண்டுபிடித்தார்கள் என்பது மட்டும் சேவைக் குறைபாடு ஆகிவிடாது, மெக்கானிக்கும் மனிதன்தான். சாதாரணக் கவனம் உள்ள மெக்கானிக் செய்யும் சோதனையைக்கூடச் செய்யாமல் விலை கூடிய பாகத்தை மாட்டினார்கள் என்று காட்ட வேண்டும். உங்கள் வண்டி காட்டிய அறிகுறியே அதற்கு உதவும். முள் ஒழுங்காக ஓடி க்ரூஸ் மட்டும் விட்டால் பிரேக், கிளட்ச் பெடல் சுவிட்சைப் பார்ப்பார்கள். இரண்டும் ஒரே நொடியில் விழுந்தால் இரண்டுக்கும் பொதுவான சிக்னலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்: சென்சார், அதன் வயர், கனெக்டர். ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்களா, என்ன எர்ரர் கோட் வந்தது என்பது பட்டறை எழுதும் வேலைச் சீட்டில் (ஜாப் கார்டு) இருக்க வேண்டும்.

அவர்கள் சொல்லப்போவது 'மீட்டரும் கெட்டுத்தான் இருந்தது' என்பது. அதனால் கழற்றிய பழைய மீட்டரைத் திருப்பிக் கொடுங்கள் என்று நோட்டீஸில் கேளுங்கள். அது வேறு இடத்தில் சோதித்து நன்றாக ஓடினால் பாதி வழக்கு முடிந்தது. கொடுக்க முடியவில்லை என்றால், ஏன் இல்லை என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். எலக்ட்ரீஷியன் கழற்றிய சென்சாரைத் தூக்கிப் போடாதீர்கள். அவரிடம் என்ன கோளாறு, என்ன செய்தேன் என்று எழுதி வாங்குங்கள், பின்னால் பிரமாண வாக்குமூலமாகத் தேவைப்படும்.

பில் இல்லாத 9,000 உங்களுக்குப் பலவீனம் இல்லை, பலம். பில் கொடுக்க மறுப்பதே 2019 சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. பணத்தைப் போனில் அனுப்பியிருந்தால், கொடுத்ததற்கு அந்தப் பதிவு போதும்.

முதலில் பதிவுத் தபாலில் 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ். பட்டறைக்காரரும் நம் பக்கத்து ஆள்தான், நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சத்தம் போடுவதைவிட ஒரு தபால் சீக்கிரம் பேசவைக்கும். பேசாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பட்டறை எந்த மாவட்டத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வண்டி நின்ற நாட்களுக்கும் நஷ்டம் கேட்கலாம், ஆனால் டிரிப் ஷீட், புக்கிங் ரசீது இல்லாமல் வெறும் வாயால் கேட்டால் கிடைக்காது.

கடைசியாக, புது மீட்டர் ஓடிய கிலோமீட்டரைப் பூஜ்யத்திலிருந்து காட்டும். எட்டு வருடம் தாண்டிய வண்டி, வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) வாங்கப் போக வேண்டும், நாளைக்கு விற்கவும் போவீர்கள். மாற்றிய தேதியும் பழைய மீட்டரில் இருந்த கிலோமீட்டரும் அந்த 38,000 ரூபாய் பில்லில் இல்லையென்றால், அதையும் எழுதித் தரச் சொல்லி அதே நோட்டீஸில் கேட்டுவிடுங்கள்.