‘ஏ’ போடுவதா, ‘ஆன்’ போடுவதா? கேள்வி பதில்

கேள்வி: ஆங்கிலத்தில் ‘ஒரு’ என்ற பொருளில் ‘ஏ’ (a), ‘ஆன்’ (an) என்று இரண்டு சொற்கள் உண்டு. ஏ, ஈ, ஐ, ஓ, யு (a, e, i, o, u) ஐந்துக்கும் முன்னால் ‘ஆன்’ வரும் என்று படித்தேன். ‘ஆன் யுனிவர்சிட்டி’ என்று எழுதினால் தவறு என்கிறார்களே?

பதில்: எழுத்தை வைத்து அந்த விதியைச் சொல்லிக்கொடுப்பதுதான் சிக்கல். அடுத்த சொல் எந்த ஒலியில் தொடங்குகிறது என்று கேளுங்கள். யுனிவர்சிட்டி ‘ய்’ என்ற மெய்யொலியில் தொடங்குகிறது, அதனால் ‘ஏ யுனிவர்சிட்டி’. அம்ப்ரெல்லாவுக்கும் முதல் எழுத்து அதே யு தான், ஆனால் வாயில் வருவது ‘அ’. அங்கே ‘ஆன்’. நமக்கு இது புதிதில்லை. ஓர் ஊர், ஒரு மரம் என்கிறோமே, அதே வேலைதான். தமிழில் முதல் எழுத்தைப் பார்த்தாலே ஒலி தெரிந்துவிடும், ஆங்கிலத்தில் அது நடக்காது.

கேள்வி: எச் எழுத்தில் தொடங்கும் சொற்கள்?

பதில்: மணி நேரத்தைக் குறிக்கும் ‘அவர்’, ஆனஸ்ட், ஆனர் போன்ற சிலவற்றில் எச் ஒலிக்காது. அவற்றுக்கு ‘ஆன்’. ஹவுஸ், ஹாஸ்பிட்டல் எல்லாம் ‘ஏ’. மூலிகையைக் குறிக்கும் சொல்லை பிரிட்டனில் ‘ஹெர்ப்’ என்பார்கள், அமெரிக்காவில் பெரும்பாலும் ‘எர்ப்’ என்பார்கள். அவரவர் உச்சரிப்புக்கு ஏற்ப ‘ஏ’, ‘ஆன்’ இரண்டுமே சரி.

கேள்வி: எம்.ஏ. என்பதை நான் ‘யெம்மே’ என்றுதான் சொல்கிறேன். அப்படியானால் ‘ஏ எம்.ஏ. டிகிரி’ தானே?

பதில்: அருமையான கேள்வி, நம்மில் பலருக்கும் உள்ள குழப்பம். பேச்சுத்தமிழில் எலி ‘யெலி’ ஆகும், ஒண்ணு ‘வொண்ணு’ ஆகும். அந்தப் பழக்கத்தை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோய்விடுகிறோம். ஆங்கிலத்தில் எம் என்ற எழுத்தின் பெயர் சுத்தமான ‘எ’யில் தொடங்குவதால் ‘ஆன் எம்.ஏ. டிகிரி’ என்பதே சரி. காதைக் குறிக்கும் சொல்லுக்கு (ear) ‘ஆன்’, ஆண்டைக் குறிக்கும் சொல்லுக்கு (year) ‘ஏ’; அந்த ‘ய்’யைக் கூட்டிச் சொன்னால் இரண்டும் ஒன்றாகிவிடும். இதற்கு ‘ஆன்’ தான் நல்ல மருந்து என்பேன். நிறுத்தாமல் ‘அனெம்மே’ என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ‘ன்’ மேல் ‘எ’ ஏறிவிட்டால் ‘ய்’ நுழைய இடமே இருக்காது.

ஏ, ஈ, எஃப், எச், ஐ, எல், எம், என், ஓ, ஆர், எஸ், எக்ஸ் ஆகிய 12 எழுத்துகளின் பெயர்களும் உயிரொலியில் தொடங்குகின்றன. அதனால் ‘ஆன் எஸ்.எம்.எஸ்.’, ‘ஆன் எக்ஸ்ரே’. ஆனால் நாசா போலச் சேர்த்து ஒரே சொல்லாக வாசித்தால் ‘ஏ’. எண்களில் 8, 11, 18, 80 நான்குக்கும் ‘ஆன்’.

கேள்வி: நடுவில் பெயரடை வந்தால்?

பதில்: ஒட்டி நிற்கும் சொல்லை மட்டும் பாருங்கள். ‘ஆன் அம்ப்ரெல்லா’, ‘ஏ பிக் அம்ப்ரெல்லா’.

கேள்வி: ஒரே பொருளுக்கு எதற்கு இரண்டு வடிவம்?

பதில்: முதலில் இருந்தது ‘ன்’ உள்ள வடிவம்தான். ‘ஒன்று’ என்பதற்கான பழைய ஆங்கிலச் சொல் அது. மெய்யொலிக்கு முன்னால் ‘ன்’ தேய்ந்து ‘ஏ’ ஆனது, உயிரொலிக்கு முன்னால் மட்டும் தங்கிவிட்டது. இந்த ‘ன்’ எந்தச் சொல்லைச் சேர்ந்தது என்று ஆங்கிலேயர்களுக்கே குழப்பம் வந்திருக்கிறது. சமைக்கும்போது உடைமேல் கட்டிக்கொள்ளும் துணியைக் குறிக்கும் ஏப்ரன் என்ற சொல் முன்பு ‘நேப்ரன்’ ஆக இருந்தது. ‘ஏ நேப்ரன்’ என்பதை ‘ஆன் ஏப்ரன்’ என்று பிரித்துக் கேட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது.