கல்லும் காணியும்: வாசகர் கேள்வி – பதில்

உவர்மலையிலிருந்து ஒரு வாசகி: என் அம்மப்பா 1950களில் கடற்படையில் சேர்ந்து 22 வருடங்கள் பணியாற்றியவர். அண்மையில் காலமானார். அவருடைய பதக்கங்களை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கண்டெடுத்தோம். அவை எதற்காகக் கொடுக்கப்பட்டவை என்று பேரப்பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியவில்லை. சமூகம் தன் முன்னாள் படைவீரரை உண்மையாகவே மதிக்கிறதா?

பதில்: போரில் இறந்தவரை மதிக்கிறது. உயிரோடு வீடு திரும்பியவரை மதிக்க அது இன்னும் பழகவில்லை என்பதே என் எண்ணம்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது, எங்கள் ஒழுங்கையில் வாழ்ந்த ஒரு கடற்படைப் பென்சன்காரர் நினைவுக்கு வந்தார். பென்சன் நாளன்று, தேய்த்து மடிப்பெடுத்த வெள்ளைச் சட்டையோடு, வங்கி திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வாசலில் நிற்பார். தாம் இன்னும் உயிரோடு இருப்பதாக வருடத்துக்கு ஒரு தடவை கிராம உத்தியோகத்தரிடம் சான்றிதழ் வாங்குவதற்கும் அதே சட்டையைத்தான் அணிந்து செல்வார். அந்த வரிசைகளில் நின்றவர்களில் ஒருவரேனும், ‘ஐயா எந்தக் கப்பலில் இருந்தீர்கள்?’ என்று அவரிடம் கேட்டதை நான் கண்டதில்லை. நானும் கேட்கவில்லை. அவர் போன பிறகு அதற்காக வருந்தியிருக்கிறேன்.

உங்கள் அம்மப்பாவின் காலத்துப் படையில் தமிழர் இருந்தது புதுமையன்று. 1949இல் அமைக்கப்பட்ட இலங்கை இராணுவத்துக்கு 1955இல் இலங்கையருள் முதலாவது தளபதியாக வந்தவர் அன்ரன் முத்துக்குமாரு. 1960 முதல் 1970 வரை கடற்படைக்குத் தளபதியாக இருந்தவர் ராஜன் கதிர்காமர். பிரித்தானியர் 1957இல் திருகோணமலைத் தளத்தைக் கையளித்துச் சென்றபின் கடற்படை இங்கே வேரூன்றிய ஆண்டுகளில் உழைத்த தலைமுறை உங்கள் அம்மப்பாவினுடையது. பின்னர் போர் வந்தது. தமிழ் வீடொன்றின் முன்விறாந்தையில் கடற்படைச் சீருடைப் படம் தொங்கினால், வீட்டுக்கு வரும் இரு தரப்பாருக்கும் விளக்கம் சொல்லவேண்டிய காலமாக அது மாறிற்று. பதக்கங்கள் பிஸ்கட் டின்னுக்குள் போனதற்கு, மறதியைவிட அந்த அச்சமே பெரிய காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் உங்கள் கேள்வி ஒரு வீட்டோடு நிற்பதன்று. போரிலும் ஆநிரை மீட்பதிலும் உயிர்விட்டவனுக்கு நம் முன்னோர் நடுகல் நாட்டினர் என்பதை எல்லோரும் பாடசாலையில் படித்திருக்கிறோம். அந்தக் கல்லோடு சேர்த்து அவன் குடும்பத்துக்கு நிலமும் விடப்பட்டதுண்டு என்பதையும், அந்த நிலத்தைக் கல்வெட்டுகள் ‘உதிரப்பட்டி’ என்று குறிப்பிடுகின்றன என்பதையும் நம்மில் பலர் கவனித்ததில்லை. எனக்கு அந்தச் சொல்லின் மேல் பெரும் மதிப்பு உண்டு. சிந்திய இரத்தத்துக்கு ஈடாக, உழுது உண்ண ஒரு துண்டுக் காணி. இன்றைய அரசுகள் கல்லை நாட்டுகின்றன, மலர்வளையம் வைக்கின்றன, இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கின்றன. காணி விடயத்தில்தான் கை இழுத்துக்கொள்கிறது.

நம் நாட்டிலேயே இதற்குப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. முதலாம் உலகப் போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11இல் பொப்பி மலர் விற்று, படைவீரருக்கென்று நிதி சேர்க்கும் வழக்கம் ஆங்கிலேயர் காலத்தில் இங்கே இருந்தது. சேர்ந்த பணத்தில் பெரும்பங்கு பிரித்தானியாவுக்குப் போயிற்று. அதே போரில் பணியாற்றித் திரும்பிய இலங்கையருக்கு மிஞ்சியது சொற்பம். அவர்களுள் ஒருவரான ஏலியன் பெரேரா, 1931இல் அதே நவம்பர் 11இல், உள்ளூர் முன்னாள் படைவீரருக்கு உதவுவதற்காகப் பூவரசம்பூ விற்கும் இயக்கத்தைத் தொடங்கினார். பூவரசம்பூவைச் சிங்களத்தில் சூரிய மல் என்பார்கள். 1933இல் இடதுசாரி இளைஞர்களின் கைக்கு வந்து, ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக வளர்ந்த சூரிய மல் இயக்கத்தைப் பலர் அறிவார்கள். அதன் வித்து, ஊர் திரும்பிய சிப்பாய்களின் வயிற்றுப்பாடு என்பதை அறிந்தவர்கள் குறைவு.

செல்வம் மிக்க நாட்டிலும் இதே கதைதான். முதலாம் உலகப் போரில் பணியாற்றிய அமெரிக்கப் படையினருக்கு 1924இல் வாக்களிக்கப்பட்ட உதவித்தொகை, 1945இல்தான் கைக்கு வரும் என்று எழுதப்பட்டிருந்தது. பொருளாதார மந்தத்தில் பசி தாங்காமல் 1932இல் அவர்களில் பல்லாயிரம் பேர் தலைநகருக்கு வந்து கூடாரமடித்துக் கேட்டபோது, அவர்களுடைய சொந்த இராணுவமே அவர்களைக் கலைத்து, கூடாரங்கள் எரிவதற்கும் காரணமாயிற்று. அந்த வெட்கம் அந்த நாட்டின் நெஞ்சில் தங்கியதால்தான், அடுத்த உலகப் போர் முடியுமுன்பே 1944இல், திரும்பி வருவோருக்குக் கல்வியும் வீட்டுக்கடனும் தரும் சட்டம் இயற்றப்பட்டது. அந்தச் சட்டத்தின் துணையால் இலட்சக்கணக்கானோர் பல்கலைக்கழகத்துக்குச் சென்றனர். மதிப்பு என்று நான் சொல்வது இதனையே.

இங்கே போர் முடிந்த 2009க்குப் பின்னர், போர்வீரர் என்று பொருள்படும் ‘ரணவிரு’ என்ற சிங்களச் சொல் மேடைதோறும் ஒலித்தது. ஆனால் 12 வருடச் சேவை நிறைவு பெறுமுன் கால் கை இழந்து விலகிய சிப்பாய்கள் முழு ஓய்வூதியம் கேட்டு 2016 நவம்பரில் கொழும்பில் ஊர்வலம் போனபோது, அவர்கள்மீது கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. 2024இல், ஓய்வுபெற்ற படையினர் பலர் அதிக சம்பள ஆசை காட்டப்பட்டு ரஷ்ய – உக்ரேன் போர்முனைக்கு ஏமாற்றி அனுப்பப்பட்டதும், அவர்களில் சிலர் அங்கேயே இறந்ததும் வெளிவந்தது. வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிந்திருந்தால், ஒரு போரில் தப்பிப் பிழைத்த மனிதர் முன்பின் தெரியாத இன்னொருவர் போருக்கு விமானம் ஏறுவாரா?

மூதூரிலிருந்து ஒரு வாசகர்: என் அக்கா விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து, 2009இன் பின்னர் அரசின் புனர்வாழ்வு பெற்றுத் திரும்பியவர். முன்னாள் படைவீரரைப் பற்றிப் பேசும்போது அவரையும் சேர்த்துத்தான் பேசுகிறீர்களா?

பதில்: சட்டம் அவரைச் சேர்க்காது, ஓய்வூதியமோ பதக்கமோ அவருக்குக் கிடையாது. நான் சேர்க்கிறேன். ஏனெனில் சமூகம் எப்படி நடந்துகொள்கிறது என்பதே கேள்வி, அந்தக் கேள்வியில் நம் சமூகம் தப்பமுடியாத இடம் உங்கள் அக்காவின் வீட்டு வாசல்.

புனர்வாழ்வு பெற்று வெளிவந்தவர்கள் ஏறத்தாழ 12,000 பேர். அவர்களுள் விரும்பிப் போனவர்கள் உண்டு, வீட்டிலிருந்து பலவந்தமாகக் கொண்டுபோகப்பட்டவர்களும் உண்டு, பள்ளி வயதில் போனவர்களும் உண்டு. மாவீரர் நாளான நவம்பர் 27இல் இறந்தவர்களுக்காக விளக்கேற்றிக் கண்ணீர் விடுகிற நாம், உயிரோடு வந்தவர்களிடம் எப்படி நடந்துகொண்டோம்? தையல் வேலைக்கு ஆள் தேடும் கடையில், ‘அந்தப் பிள்ளையை வைத்தால் விசாரணைக்கு ஆட்கள் வருவார்கள்’ என்று தட்டிக்கழித்தவர்கள் தமிழர்கள்தான். கலியாணப் பேச்சில் தரகர் முதலில் மறைக்கும் விடயமும் அதுவே. ‘எல்லோரும் செத்தார்கள், நீ மட்டும் எப்படி வந்தாய்?’ என்ற கேள்வியைப் பெண்களின் முகத்துக்கு நேரே கேட்டவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அதைவிடக் கொடிய கேள்வி எனக்குத் தெரியாது.

உடம்பில் செல் துண்டு இருக்கும் ஒருவரால் நீண்ட நேரம் வெயிலில் நிற்கவோ நெல் மூட்டை தூக்கவோ இயலாது. செயற்கைக் காலும் ஒரு தடவை பொருத்தினால் ஆயுளுக்கும் போதும் என்றில்லை, தேய்ந்தும் தளர்ந்தும் போகும்போது மாற்றவேண்டும். இவற்றைக் கணக்கில் எடுத்து ஒரு வேலை கொடுப்பவர், அக்காவின் அரசியலை ஏற்கவேண்டிய அவசியம் எதுவும் இல்லை. நீங்களும் அவரிடம் பழைய கதைகளைக் கேட்டு வற்புறுத்தாதீர்கள். அவராகச் சொல்லத் தொடங்கும் நாளில் கைத்தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

திருகோணமலை நகரிலிருந்து ஒரு வாசகர்: படையினரை மதிக்கச் சொல்வது, அவர்கள் செய்தவற்றை மறக்கச் சொல்வதாகாதா?

பதில்: ஆகாது, ஆகவும் கூடாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி நம் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் வழக்கில், சந்தேகநபர்கள் 2019இல் போதிய சாட்சியமின்றி விடுவிக்கப்பட்டனர். அந்தப் பெற்றோர் முன்னிலையில் ‘போர்வீரரை விசாரிக்கக்கூடாது’ என்று யாராவது சொன்னால், அவர் படைவீரரை மதிக்கவில்லை, குற்றத்துக்குச் சீருடை மாட்டுகிறார்.

இந்திய அமைதிப்படையின் கடைசி அணி 1990 மார்ச் 24இல் நம் துறைமுகத்திலிருந்துதான் புறப்பட்டது. ஏறத்தாழ 1,200 பேரை இழந்து நாடு திரும்பிய அந்தப் படையைச் சென்னையில் வரவேற்க, அன்றைய தமிழக முதல்வர் செல்லவில்லை. தமிழரைக் கொன்ற படை என்பது அவர் தரப்பு நியாயம். அந்தப் படையால் உறவுகளை இழந்தவர்கள் நம் மாவட்டத்திலும் வடக்கிலும் வாழ்கிறார்கள், அவர்களுடைய துயரம் பொய்யன்று. ஆயினும் இறங்குதுறையில் பெட்டியோடு இறங்கிய இளம் சிப்பாய், தன்னை இங்கே அனுப்பிய முடிவை எடுத்தவனும் அல்லன். அனுப்பியவரின் பொறுப்பை அனுப்பியவரிடமும், கையால் செய்ததன் பொறுப்பைச் செய்தவரிடமும் தனித்தனியே கேட்பதற்கு நீதிமன்றம் வேண்டும். அது இல்லாத இடத்தில் எல்லாச் சீருடைகளும் ஒன்றுபோலத் தெரிகின்றன, ஒரு தவறும் செய்யாத முன்னாள் படைவீரரையும் அதே பழி பிடித்துக்கொள்கிறது.

நிலாவெளியிலிருந்து ஓர் ஆசிரியை: எங்கள் மாணவர்களை நிலாவெளி வீதியிலுள்ள உலகப்போர் மயானத்துக்கு அழைத்துச் செல்லலாமா? வேற்று நாட்டவரின் கல்லறைகள் நமக்கெதற்கு என்று சில பெற்றோர் கேட்கிறார்கள்.

பதில்: தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். புல் வெட்டி, பூச்செடி வைத்து, ஒவ்வொரு பெயரும் வாசிக்கும்படி காக்கப்படும் அந்த இடத்தில், அதிகாரியென்றும் மாலுமியென்றும் வேறுபாடு காட்டாத விதி ஒன்று உண்டு என்பதைப் பிள்ளைகள் கண்ணால் காணட்டும். கல்லில் உள்ள வயதை வாசிக்கச் சொல்லுங்கள். அந்த எண்கள் உங்கள் உயர்தர மாணவர்களின் வயதுக்கு மிகவும் அண்மையில் இருக்கும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கியதையும், அபாய எச்சரிக்கையால் முன்கூட்டியே இங்கிருந்து வெளியேறிய ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் 300க்கும் மேற்பட்டோருடன் மூழ்கடிக்கப்பட்டதையும் அங்கேயே நின்று சொல்லுங்கள்.

பிறகு ஒரு வீட்டுவேலை கொடுங்கள். அந்த நாட்களில் டொக்யார்ட்டில் வேலை செய்தவர்கள், பின்னர் கடற்படையில் இருந்தவர்கள், எந்தப் பக்கத்திலேனும் துப்பாக்கி தூக்கியவர்கள் தங்கள் குடும்பத்தில் உண்டா என்று பிள்ளைகள் வீட்டில் கேட்டு, ஒரு பக்கம் எழுதி வரட்டும். உவர்மலை வாசகியின் பேரப்பிள்ளைகளும் விரும்பினால் அந்த டின்னோடு உங்கள் வகுப்புக்கு வரலாம். பதக்கங்களின் விளிம்பில் பெரும்பாலும் இலக்கமும் பெயரும் பொறித்திருப்பார்கள், பூதக்கண்ணாடி ஒன்று எடுத்து வைத்திருங்கள்.