நீரைத் தாண்டும் குழி

கேள்வி: சீனக்குடாவில் கோல்ஃப் பழகிவருகிறேன். நீண்ட குழிகளை ஓரளவு சமாளிக்கும் நான், நீருக்கு மேலாக அடிக்கவேண்டிய பார்-3 குழியில் (மூன்று அடிகளில் முடிக்கவேண்டிய குறுகிய குழி) மட்டும் பந்தைத் தவறாமல் நீரில் போட்டுவிடுகிறேன். இன்னும் பலமாக அடிக்கவேண்டுமா?
- வாசகர், உவர்மலை, திருகோணமலை

பதில்: வேண்டாம், எதிர்க்காற்றில் பலமாக அடித்தால் பின்சுழற்சி கூடி, பந்து மேலே எழும்பித் தூரம் குறைந்து விழும். 7ஆம் இலக்க அயர்ன் (இரும்புத் தலை மட்டை) போதும் என்று தோன்றும் இடத்தில், இன்னும் தூரம் போகும் 6ஐயோ 5ஐயோ எடுத்து, முக்கால் வீச்சில் நிதானமாக அடியுங்கள்.

திருகோணமலையில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. ஆடி மாதத்துக் கச்சான் காற்று (கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் வாங்கிக் கொறிக்கும் கச்சான் கடலையைச் சொல்லவில்லை) தென்மேற்கிலிருந்தும், மார்கழி வாடை வடகிழக்கிலிருந்தும் வீசுவதால், ஒரு பருவத்தில் முதுகைத் தள்ளிய காற்று மறு பருவத்தில் அதே குழியில் முகத்தில் அறையும். ஆகவே, போன தடவை எந்த மட்டை சரிவந்தது என்ற நினைவை நம்பாதீர்கள். முதல் அடியை அடிக்கும் இடமான டீயில் நிற்கும்போது உடலில் படும் காற்றைவிட, மர உச்சிகள் எப்பக்கம் சாய்கின்றன என்பதே பந்து போகும் உயரத்தின் நிலையைக் காட்டும்.

அடுத்தது குறி. குழியில் நட்டிருக்கும் கொடியைப் பார்த்து அடிப்பதுதான் உங்கள் உண்மையான தவறு என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் ஒகஸ்டா மைதானத்து 12ஆம் குழி வெறும் 155 யார் (கெஜம்) தூரம்தான். ஆனால் கிரீனின் (கொடி நிற்கும் குறும்புல் தளம்) முன்பின் ஆழம் குறைவு, முன்னால் ஓடை, கரையோ பந்தை நீருக்கே உருட்டிவிடும் சரிவு. 2016 மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதிநாளில் முன்னணியில் இருந்த ஜோர்டன் ஸ்பீத், அங்கே இரண்டு பந்துகளை நீரில் விட்டு 7 அடிகளில் முடித்தார்; பட்டமும் போயிற்று. 2019இல் முன்னணியில் இருந்த மொலினாரியின் பந்தும் அதே ஓடையில் விழ, கூடவே ஆடிய டைகர் வூட்ஸ் வலப்புறக் கொடியைப் பொருட்படுத்தாமல் கிரீனின் பாதுகாப்பான பகுதிக்கு அடித்து, கிரீனில் பந்தை உருட்டும் அடியான பட் இரண்டில் முடித்து, பார் (மூன்று அடிகள்) எடுத்தார். அன்று பட்டம் அவருக்கே. அவரே கொடியை விட்டுக்கொடுக்கும்போது நமக்கு என்ன வீம்பு? கிரீனின் நடுவைக் குறிவையுங்கள். நீர் முன்னால் மட்டும் இருந்தால், சற்றுப் பின்னால் போனாலும் பாதகமில்லை.

அப்படியும் விழுந்துவிட்டால் ஓர் அடி தண்டம். டீயிலிருந்தே மீண்டும் அடிக்கலாம். அல்லது பந்து நீரெல்லையைக் கடந்த புள்ளியும் குழியும் ஒரே கோட்டில் அமையுமாறு நீருக்குப் பின்னால் வந்து, முழங்கால் உயரத்திலிருந்து பந்தைப் போட்டு ஆடலாம். பின்னால் வருவதாயின், நீங்கள் முழு வீச்சில் நம்பிக்கையோடு அடிக்கும் தூரம் எதுவோ அதுவரை வாருங்கள். நீரோரமாக நின்று அரைவீச்சில் தட்டப்போய் இரண்டாவது பந்தையும் இழப்பவர்களே அதிகம்.