பிள்ளைக்காம்பராவை எந்தப் பெயரில் தேடுவது?

அன்புள்ள சேர்,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு, தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராக்களைத் தலைப்பாக எடுத்திருக்கிறேன். முந்தைய ஆய்வுகளைப் படித்துவிட்டு வரும்படி மேற்பார்வையாளர் சொன்னார். எங்கள் நூலகத் தரவுத்தளத்தில் 'மலையகத் தோட்டங்களில் பிள்ளைக்காம்பராக்களின் பிரச்சினைகள் என்ன' என்று முழு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் எழுதித் தேடினேன். ஒன்றும் வரவில்லை. 'டீ எஸ்டேட்' என்று மட்டும் போட்டால் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது, அதில் பாதி அசாம். இதைப் பற்றி யாருமே எழுதவில்லை என்று அவரிடம் சொல்லிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள தங்கைக்கு,

சொல்லிவிடாதீர்கள். அடுத்த நிமிடமே அவர் தன் கணினியில் நாலு கட்டுரையை எடுத்துக் காட்டிவிடுவார்.

தரவுத்தளம் கேள்வியைப் புரிந்துகொண்டு பதில் சொல்லும் ஆள் இல்லை. நீங்கள் தட்டிய சொற்கள் அத்தனையும் ஒரே பதிவில் இருக்கின்றனவா என்று பார்க்கும், ஒன்று குறைந்தாலும் பெரும்பாலும் கையை விரித்துவிடும். 'பிரச்சினைகள்', 'என்ன' போன்றவற்றை முதலில் தூக்கிப் போடுங்கள். மிஞ்சுவது மூன்று விஷயம்: இடம், ஆட்கள், பிள்ளைக்காம்பரா. அப்புறம்தான் உண்மையான சிக்கல் வருகிறது. இந்த மூன்றையும் நாம் அழைக்கிற பெயரில் மற்றவர்கள் எழுதி வைக்கவில்லை.

நம்மையே எடுத்துக்கொள்ளுங்கள். 'மலையகத் தமிழர்' என்று இன்று சொல்கிறோம். ஆங்கிலத்தில் அதை 'மலையஹ' என்று ஒருவர் எழுதுகிறார், 'மலையக' என்று இன்னொருவர் எழுதுகிறார், எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஒன்று. 1911 குடிசன மதிப்பீட்டிலிருந்து அரசாங்கக் கணக்குகளில் நாம் 'இந்தியத் தமிழர்' என்றே பதிவாகி வந்தோம். ஆய்வாளர்களிடம் போனால் 'அப் கன்ட்ரி', 'ஹில் கன்ட்ரி', 'எஸ்டேட்', 'பிளான்டேஷன்' என்று வரிசை நீளும். நாட்டுக்கும் இரண்டு பெயர். 1972க்கு முந்தியதைத் தேடினால் 'சிலோன்' போடாமல் எதுவும் நகராது.

இன்னும் பின்னால் போனால் 'கூலி' என்ற சொல்லைத் தட்டியே ஆக வேண்டும். அதிலும் பழைய ஆவணங்களில் ஒன்றில் ஐ-இ போட்டு முடித்திருப்பார்கள், இன்னொன்றில் வை போட்டிருப்பார்கள். என் தாத்தா காலத்துத் தோட்டக் கணக்குகளைத் தேடியபோது அந்தச் சொல்லைத் தேடல் பெட்டியில் எழுத எனக்குக் கை வரவில்லை. 'தொழிலாளி' என்றே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். கிடைத்தது சொற்பம். கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு தட்டினேன், கொட்டியது. ஆவணத்தை எழுதினவன் வைத்த பெயர் அது. அவன் பெட்டியை அவன் சாவியால்தான் திறக்க முடிகிறது.

ஊர்ப் பெயரும் காலை வாரும். 1940 ஜனவரியில் பொலிஸார் சுட்டுத் தோட்டத் தொழிலாளி கோவிந்தன் இறந்தாரே, அந்த முல்லோயா தோட்டத்தைப் பற்றி இரண்டு நாள் தேடினேன். நான் ஒரே சொல்லாக எழுதினேன். 'மூல்' தனி, 'ஓயா' தனி என்று இரண்டாகப் பிரித்து எழுதினவர்களின் பக்கம் நான் போகவே இல்லை. இந்த முட்டாள்தனத்தை நூலக மேசையில் இருந்த ஓர் அம்மா ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தார். நூலகர்களைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஒரு தாளை மூன்றாக மடியுங்கள். முதல் பத்தியில் ஸ்ரீலங்கா, சிலோன். இரண்டாவதில் எஸ்டேட், பிளான்டேஷன், டீ. மூன்றாவதில் கிரெஷ், டே கேர், பிறகு அதிகாரிகள் இப்போது வைத்திருக்கும் 'சைல்ட் டெவலப்மென்ட் சென்டர்'. ஒரே பத்திக்குள் இருப்பவற்றுக்கு இடையே 'ஓர்' (OR) போட்டு அடைப்புக்குறிக்குள் வையுங்கள். பத்திக்கும் பத்திக்கும் இடையே 'அண்ட்' (AND). இவற்றை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுவது நல்லது. சேர்ந்தே வர வேண்டிய சொற்களை இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள், இல்லாவிட்டால் 'டெவலப்மென்ட்' தனியே ஓடிப்போய் உலக வங்கி அறிக்கைகளை எல்லாம் இழுத்து வரும். இப்படிச் செய்தால் அசாம் தானாகக் கழிந்துவிடும்.

சொல்லின் அடியை மட்டும் எழுதி நட்சத்திரக்குறி போட்டால் அதன் எல்லா வடிவங்களும் வரும் என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள். நல்ல வித்தைதான். ஆனால் 'டீ' என்பதன் மூன்று ஆங்கில எழுத்துக்குப் பின்னால் அதைப் போட்டுப் பாருங்கள், டீச்சர், டீச்சிங், டீம் எல்லாம் வந்து நிற்கும்! ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் இந்தக் குறி வேலை செய்யாது.

'நர்சரி' என்ற சொல்லையும் சேர்க்கத் தோன்றும். சேர்த்தால் தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணைகள்தான் வந்து குவியும். அதற்காகக் கன்று என்ற சொல்லை 'நாட்' (NOT) போட்டு விலக்கினால், பிள்ளைகளையும் கன்றுகளையும் ஒரே கட்டுரையில் எழுதினவரும் போய்விடுவார். விலக்குவதை நான் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறேன்.

பொருத்தமான ஒரு கட்டுரை அகப்பட்டதும் அதைப் படிப்பதற்கு முன்னால் அதன் பதிவைப் பாருங்கள். பொருள் தலைப்பு என்று சில சொற்கள் இருக்கும். அவை பதிவைத் தயாரித்தவர்கள் ஒரு பட்டியலிலிருந்து எடுத்து வைத்தவை. பிள்ளைகளின் போஷாக்கு, தாய்ப்பால் என்று போனால் நீங்கள் மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட்டுக்கும் போக வேண்டிவரும், அது இலவசம். கட்டுரையாளர் 'கிரெஷ்' என்று எழுதினாலும் வேறு எப்படி எழுதினாலும், அங்கே அதற்குரிய தலைப்பு 'சைல்ட் டே கேர் சென்டர்ஸ்'. அந்த ஒரு தலைப்பைப் பிடித்தால் நீங்கள் நினைத்தே பார்க்காத பெயர்களில் எழுதினவர்களும் வருவார்கள். என்னைக் கேட்டால் நட்சத்திரம், மேற்கோள் எல்லாவற்றையும்விட இதுதான் பெரிய உதவி. பிறகு அந்தக் கட்டுரையின் கடைசிப் பக்கங்களில் அவர் யாரை மேற்கோள் காட்டினார் என்றும், கூகுள் ஸ்காலரில் அவரை யார் மேற்கோள் காட்டினார்கள் என்றும் பாருங்கள். முன்னும் பின்னுமாக ஒரு குடும்பமே தெரியவரும்.

உள்நாட்டுச் சஞ்சிகைகளுக்கு 'ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்' இருக்கிறது, காசு கேட்காது. தமிழில் வந்த பழைய இதழ்கள், மலர்களுக்கு 'நூலகம்' என்ற இணையத்தளம். அங்கே தமிழில் தேடும்போது 'மலையகத்தில்' என்று வேற்றுமை உருபோடு போடாதீர்கள். 'மலையகம்', 'மலையக', 'மலைநாடு', 'பெருந்தோட்டம்', 'தோட்டத் தொழிலாளர்' என்று தனித்தனியாகத் தட்டுங்கள். இதழுக்குள்ளே இருக்கும் ஒவ்வொரு வரியையும் அது தேடித் தரும் என்று நம்பியிருக்காமல், தலைப்பு பொருந்தினால் திறந்து பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். டேட்டா தீரும், வேறு வழியில்லை.

ஒரு கொப்பியில் தேதி, இடம், போட்ட சொற்கள், வந்த எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டே போங்கள். இவ்வளவும் செய்து ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அந்தக் கொப்பியைக் கொண்டுபோய் மேற்பார்வையாளரிடம் நீட்டலாம். அப்போது 'யாரும் எழுதவில்லை' என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

ஆய்வேடு முடியும்போது சுருக்கத்துக்குக் கீழே திறவுச்சொற்கள் கேட்பார்கள். அதிகாரிகள் வைத்த பெயரோடு 'பிள்ளைக்காம்பரா'வையும் போடுங்கள், ஆங்கில எழுத்திலும் தமிழ் எழுத்திலும். அடுத்த வருடம் மஸ்கெலியாவிலிருந்து ஒரு பிள்ளை அந்தச் சொல்லைத் தட்டினால் உங்களுடையதாவது வரும்.