இரண்டாம் பாகத்தின் பேய்: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பேய் நகைச்சுவைப் படம் ஒன்றின் இரண்டாம் பாகத்தில் இணை இயக்குநராக இருக்கிறேன். முதல் பாகம் நன்றாகப் போனது. இப்போது மூன்று விஷயங்களில் தினமும் வாக்குவாதம். பேய்க் காட்சிகளை முழுக்க சிஜியில், அதாவது கணினி வரைகலையில், செய்துவிடலாம் என்கிறது தயாரிப்புத் தரப்பு, இயக்குநருக்கு மனமில்லை. முதல் பாகத்தில் எல்லோரும் பேயைப் பார்த்துத்தான் சிரித்தார்கள், அதனால் இந்த முறை படம் முழுக்கப் பேய் வரட்டும் என்று இன்னொரு யோசனை. போதாக்குறைக்கு, அப்பா வேடத்தில் நடித்தவர் இந்தப் பாகத்தில் இல்லை. என்ன செய்யலாம்?

கே.

அன்புள்ள கே.,

சிஜி விஷயத்தில் நான் உங்கள் இயக்குநர் பக்கம். பேய் நகைச்சுவையில் சிரிப்பு வருவது பேயைப் பார்க்கிறவனின் முகத்திலிருந்து. அந்த முகத்துக்கு எதிரே ஏதாவது இருக்க வேண்டும். பேய் நிற்க வேண்டிய இடத்தில், ஸ்டாண்டில் குத்திய டென்னிஸ் பந்தைப் பார்த்து நடிக்கச் சொன்னால் லுக், அதாவது பார்வை, ஒரே புள்ளியில் நின்றுவிடும். உயிருள்ள ஒன்றைப் பார்க்கும்போது கண் முகத்துக்கும் கைக்கும் மாறி மாறித் தாவும், கால் கொஞ்சம் தாமதமாகப் பின்வாங்கும். அந்தத் தாமதத்தில்தான் தியேட்டர் சிரிக்கிறது. முழு சிஜியில் நடிகர் ஓர் இடைவெளியைக் குத்துமதிப்பாக விடுகிறார். பல மாதம் கழித்து அனிமேட்டர் அதற்குள் பேயின் கவுன்டரை, அதாவது பதிலடியை, திணிக்கிறார். விநாடிக்கு 24 பிரேமில் எட்டு பிரேம் தள்ளிப்போனாலே ஜோக் செத்துவிடும். தனித்தனி ஷாட் என்றால் எடிட்டிங்கில் சரிக்கட்டலாம். இருவரும் ஒரே பிரேமில் இருந்தால் பெரும்பாலும் முடியாது.

1988-ல் வந்த ‘பீட்டில்ஜூஸ்’ என்ற ஆங்கிலப் பேய் நகைச்சுவைப் படத்துக்கு 2024-ல் இரண்டாம் பாகம் வந்தபோது இயக்குநர் டிம் பர்ட்டனும் பேயாக நடித்த மைக்கேல் கீட்டனும் கையால் செய்கிற எஃபெக்ட்டையே வற்புறுத்தினார்கள். பொம்மைகள், மேக்கப், செட்டிலேயே இயங்கும் கருவிகள். அதைப் பழைய படத்தின் மேல் உள்ள ஏக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நடிகர்கள் எதிரே இருப்பதோடு விளையாட முடிந்தது என்பதுதான் பெரிய லாபம்.

ஊடுருவித் தெரிகிற பேய் வேண்டுமென்றால் பெப்பர்ஸ் கோஸ்ட் முறையைச் செய்து பாருங்கள். 1862-ல் லண்டன் மேடையில் ஜான் ஹென்றி பெப்பர் காட்டிய வித்தை. இன்றும் கேமராவை ஏமாற்றுகிறது. கேமராவுக்கு முன்னால் 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடி. அதன் வழியே செட் தெரியும். பேயாக நடிப்பவர் பக்கவாட்டில், கறுப்பு வெல்வெட் சூழ நிற்பார். அவர் பிம்பம் கண்ணாடியில் விழுந்து செட்டுக்குள் நிற்பதுபோலத் தெரியும். பேய் கண்ணாடிக்கு மூன்று மீட்டர் பின்னால் நிற்க வேண்டுமென்றால் அவரும் கண்ணாடியிலிருந்து அதே மூன்று மீட்டரில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அளவும் ஃபோகஸும் பொருந்தாது. சாதாரணக் கண்ணாடி இந்தச் சாய்வில் ஒளியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். ஆகவே பேய்ப் பக்கத்துக்குச் செட்டைவிடப் பல மடங்கு வெளிச்சம் வேண்டும். அந்த விளக்குகளை டிம்மரில் ஏற்றி இறக்கினால் பேய் தோன்றி மறையும்.

இதில் கெடுகிற இடங்கள் எல்லாம் சின்னவை. தடித்த கண்ணாடி போட்டால் இரண்டு பரப்பிலும் பிம்பம் விழுந்து விளிம்பு இரட்டையாகத் தெரியும். பேய்ப் பக்கம் யாராவது வெள்ளைச் சட்டையோடு நின்றால் அவரும் பேயாக பிரேமில் வந்துவிடுவார். பிம்பம் இடம் வலம் மாறும் என்பதால் தலை வகிடு, சட்டைப் பை எல்லாவற்றையும் மாற்றி வைக்க வேண்டும். முதல் பாகத்தின் ஸ்டில்லோடு ஒப்பிட ரசிகர்கள் தயாராக இருப்பார்கள். பேய் நாற்காலிக்குப் பின்னால் போக வேண்டுமா? அதே அளவு நாற்காலி ஒன்றைக் கறுப்பு வெல்வெட்டில் சுற்றி, பேய்ப் பக்கத்தில் அதே இடத்தில் போடுங்கள். அது மறைக்கும் பகுதி பிம்பத்திலும் மறைந்துவிடும். நடிகருக்குப் பேய் அந்த இடத்தில் தெரியாது என்பது உண்மை. ஆனால் குரல் அதே நொடியில் காதில் விழுகிறது. ஒத்திகையில் அந்த இடத்தில் ஒருவரை நிற்கவைத்து லுக்கைப் பழக்கிவிட்டு, டேக்கின்போது அவரை நகர்த்திவிடுங்கள்.

பேய் விட்டுப்போகிற வழவழப்பான கோழைக்கு மெத்தில் செல்லுலோஸ் என்ற பொடி போதும். அடர்த்தி பொடியின் கிரேடை, அதாவது ரகத்தை, பொறுத்தது. ஒரு லிட்டருக்கு 20 கிராம் அளவில் தொடங்கிச் சோதித்துப் பாருங்கள். நேராகக் குளிர்ந்த தண்ணீரில் கொட்டினால் மேல்பகுதி மட்டும் ஊறி, உள்ளே உலர்ந்த கட்டிகள் நிற்கும். மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை 80 டிகிரிக்கு மேல் சூடாக்கி, அதில் பொடியைத் தூவிக் கலக்கி, பிறகு மிச்சத்தை ஐஸ் தண்ணீராக ஊற்றிக் கிண்டுங்கள். இந்தப் பொருள் குளிரில்தான் கரையும். இரவு முழுக்க விட்டால் காற்றுக் குமிழிகள் மேலே வந்து தெளிந்துவிடும். நிறத்தை முந்தின நாளே அந்த உடையின் துணியில் சோதியுங்கள், கறை போகாமல் போகலாம். விளக்குக்கு மிக அருகில் வைத்தால் சூட்டில் வெளுத்துக் கெட்டியாகும். தரையில் சிந்தினால் பயங்கரமாக வழுக்கும் என்பதால், பக்கெட்டும் துணியுமாக ஓர் ஆள் அதற்கென்றே நிற்க வேண்டும்.

சிஜியே வேண்டாம் என்று சொல்லவில்லை. ரோப்பை அழிக்க, பொம்மையின் குச்சியை அழிக்க அது அவசியம். அதற்கு ஒவ்வொரு செட்டப்பிலும் அதே லென்ஸ், அதே ஃபோகஸ், அதே வெளிச்சத்தில் ஆளில்லாத கிளீன் பிளேட் பத்து விநாடி எடுங்கள். கூடவே, செட்டின் வெளிச்சத்தைக் கணினியில் ஒப்பிட, சாம்பல் நிறப் பந்தையும் பளபளப்புப் பந்தையும் ஒரு முறை. “ஓகே” என்ற சத்தம் கேட்டதும் ஆர்ட் ஆட்கள் நாற்காலியை நகர்த்திவிடுவார்கள். ஆகவே பிளேட் முடியும்வரை ஓகே சொல்லக் கூடாது. ரோப் ஷாட்டில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஆளைத் தூக்கும் ரோப், கொக்கி, பிடிமானம் எல்லாமே வரக்கூடிய பாரத்தைப்போல் பத்து மடங்கு தாங்க வேண்டும். அந்தக் கணக்கை, ரோப் கட்டும் வேலையில் தேர்ந்த ரிக்கர்தான் போட வேண்டும்.

இல்லாத நடிகர் விஷயம் எளிது. முகச்சாயல் உள்ளவரைப் போட்டு இருட்டில் நடக்கவிடாதீர்கள், பார்வையாளர் படம் முழுக்க அதைத்தான் கவனிப்பார். மேலே சொன்ன 2024 படத்துக்கும் இதே சிக்கல் இருந்தது. அப்பாவின் சாவை ஸ்டாப் மோஷன் முறையில், பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படமெடுத்து, காட்டினார்கள். சுறா அவருடைய மேல்பாதியைத் தின்றுவிடுகிறது. அதன் பிறகு பேயுலகில் அந்தத் தலையில்லாத உடல் மட்டும் உலாவுகிறது. பேய்க்கதை தருகிற இந்தச் சலுகையை உங்கள் கதாசிரியரும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

படம் முழுக்கப் பேய் என்ற யோசனையைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். 1988 படம் ஓடுவது 92 நிமிடம். அதில் பெயருக்குரிய பேய் திரையில் இருப்பது ஏறத்தாழ 17 நிமிடம். ஒவ்வொரு வரவுக்கும் முன்னால் மற்றவர்கள் அதற்காக ஏங்குகிறார்கள் அல்லது அஞ்சுகிறார்கள். இரண்டாம் பாகத்தில் பார்வையாளருக்குப் பேயைத் தெரியும், கதையில் வரும் புதியவருக்குத் தெரியாது. அந்த வித்தியாசத்திலிருந்துதான் நீங்கள் சிரிப்பை எடுக்க வேண்டும். பேய் எப்படி வரும், எதைத் தொட முடியாது, எதனால் போகும் என்று முதல் பாகத்தில் வைத்த விதிகளை ஒரே தாளில் எழுதி எல்லாத் துறைக்கும் கொடுங்கள். புதிய சக்தி கொடுக்காதீர்கள். எதையும் செய்ய முடிகிற பேயிடம் யாருக்கும் பயம் வராது, மாட்டிக்கொள்ளும் சுவாரசியமும் போய்விடும்.

ரஃப் கட் (முதல்கட்ட எடிட்டிங்) தயாரானதும் முதல் பாகம் பார்க்காத இருபது பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். பெரிய சிரிப்பு விழும் இடங்களில் அடுத்த வசனம் காதில் விழாது, அங்கே வசனமில்லாத அசைவு ஒன்றிரண்டு விநாடி சேர்க்க வேண்டும். அவர்கள் சிரிக்காமல் விழிக்கிற இடங்களெல்லாம் முதல் பாகத்தின் நினைவில் தொங்கும் ஜோக்குகள். அங்கே விதியை முன்கூட்டியே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், முடியாவிட்டால் காட்சியை வெட்டிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்