ஜூன் தொடக்கத்தில் எமரால்டு ஏரிப் பாதை: கேள்வி பதில்

கொலராடோ ராக்கி மலைத் தேசியப் பூங்காவில், பேர் லேக் பக்கத்து ஏரிப் பாதைகள். மே கடைசி முதல் ஜூன் கடைசி வரை. இன்றைக்கு எல்லை அவ்வளவுதான். ஹோட்டல், வாடகை கார், இட்லி எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் வேறு யாராவது சொல்லட்டும்.

கேள்வி (சிகாகோ): சார், ஜூன் 6 எமரால்டு லேக் போறோம். சம்மர்தானே, பனி இருக்குமா?

பதில்: இருக்கும். பேர் லேக் கார் நிறுத்துமிடமே 9,475 அடி உயரம். எமரால்டு 10,110 அடி. ஒருவழி 1.8 மைல், ஏற்றம் சுமார் 650 அடி. எழுதிப் பார்த்தால் சாப்பிட்டுவிட்டு நடக்கிற நடை போலத்தான் தெரியும். ஆனால் அந்த உயரத்தில் பனி உச்சத்தைத் தொடுவதே ஏப்ரல் கடைசியில், மே தொடக்கத்தில். அதற்கப்புறம்தான் உருகவே ஆரம்பிக்கும்.

பாதை முழுக்க ஒரே மாதிரி இருக்காது. முதல் அரை மைல், நிம்ஃப் ஏரி வரை, ஜூன் முதல் வாரத்தில் சேறும் திட்டுத் திட்டான பனியும். நிம்ஃபிலிருந்து ட்ரீம் ஏரி (1.1 மைல்) வரை பாதி தரை, பாதி பனி. ட்ரீமுக்கு மேலே பெரும்பாலான வருடங்களில் ஜூன் நடுப்பகுதி வரை பனிமேல்தான் நடை. மலைச்சுவரும் மரங்களும் வெயிலை மறைக்கின்றன. குளிர்காலம் முழுக்கக் காற்று மேலிருந்து வாரிக்கொண்டு வந்த பனியும் அங்கேதான் குவிந்து கிடக்கிறது.

அந்தப் பனியின் வடிவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்தாறு மாதம் ஆயிரக்கணக்கானோர் மிதித்து மிதித்து நடுவில் மட்டும் கெட்டித்துப்போயிருக்கும். இரண்டு பக்கமும் மிதிபடாத பனி சீக்கிரம் உருகி இறங்கிவிடும். மிஞ்சுவது வயல் வரப்பு மாதிரி ஓரடி, ஒன்றரை அடி அகலத்தில் மேடாக ஒரு கோடு. அதன்மேல் நடக்கும்வரை பிரச்சினை இல்லை. எதிரே வருகிறவருக்கு வழிவிட ஒரு காலைப் பக்கத்தில் வைத்தால், கால் தொடைவரை உள்ளே போய்விடும். உடம்பு முன்னால் சாயும், கால் வராது, முழங்கால் திருகிக்கொள்ளும். வழிவிட வேண்டுமென்றால் பாறையோ தரையோ தெரியும் இடத்தில் நின்று விடுங்கள். மரத்தடியிலும் பாறை ஓரத்திலும் பனி இன்னும் மோசம். வெயிலில் சூடேறிய பாறை அடியிலிருந்தே உருக்கிக் குழியாக்கி வைத்திருக்கும், மேலே தெரியாது.

போவதற்கு முந்தைய வாரம் பேர் லேக் ஸ்னோடெல் நிலையத்தின் பனி ஆழத்தைப் பாருங்கள். அமெரிக்க வேளாண் துறையின் தானியங்கிக் கருவி அது, 9,500 அடியில் இருக்கிறது. சுழியம் காட்டினால் பனி தீர்ந்தது என்று அர்த்தமில்லை. ட்ரீமுக்கு மேலே இன்னும் இருக்கும். அது இருபது அங்குலம் காட்டினால் மேலே என்ன நிலை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (டல்லாஸ்): அனுமதிச் சீட்டு எப்படி எடுக்கணும்? ஆனுவல் பாஸ் இருக்கு.

பதில்: பாஸ் வேறு, நேரம் குறிப்பிட்ட அனுமதி வேறு. பாஸ் நுழைவுக் கட்டணத்துக்கு மட்டும். மே கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை, பேர் லேக் சாலைக்குள் காலை 5 முதல் மாலை 6 மணிக்குள் நுழைய அந்தச் சாலையின் பெயர் போட்ட அனுமதி தேவை. ‘பூங்காவின் மற்ற பகுதிகள்’ என்றிருப்பதை எடுத்தால் இந்தச் சாலைக்குள் விடமாட்டார்கள். நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான். ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் ஜூன் மாதத்துக்கானது மே 1 காலை 8 மணிக்கு, கொலராடோ நேரப்படி, திறக்கும். ஒரு பங்கை ஒதுக்கி வைத்து முந்தைய நாள் மாலை 7 மணிக்கு விடுவார்கள். 6:58-க்கே உள்நுழைந்து தயாராக இருங்கள். கட்டணம் 2 டாலர். இது கடந்த சில வருட நடைமுறை. அந்தந்த வருடத் தேதியைப் பூங்காவின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுமதி இருந்தாலும் கார் நிறுத்த இடம் உறுதியில்லை. நிரம்பியிருந்தால் அதே சாலையில் இருக்கும் பார்க் அண்ட் ரைடில் விட்டுவிட்டு இலவசப் பேருந்தில் போகலாம்.

கேள்வி (ஆஸ்டின்): ஸ்னீக்கர்ஸ் போதுமா?

பதில்: நிம்ஃப் வரை போதும், நனையும். அதற்கு மேலே மைக்ரோஸ்பைக் (ஷூவுக்கு அடியில் மாட்டும் பற்கள்) இல்லாமல் வேண்டாம்.

கேள்வி (சியாட்டில்): மைக்ரோஸ்பைக், சுருள் கம்பி மாதிரி ஒண்ணு, க்ராம்பான்… எது வாங்கறது?

பதில்: ரப்பர் வளையம், அடியில் சங்கிலி, ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு எஃகுப் பற்கள். இதுதான் மைக்ரோஸ்பைக், இந்தப் பாதைக்கு இதுதான் சரி. சுருள் கம்பி வகை சமதளத்தில் கெட்டிப் பனிக்கு ஆகும். பக்கவாட்டுச் சரிவில் காலடியில் அப்படியே உருளும், பாறையில் பட்டால் அறுந்துபோகும். பனிமலை ஏறுகிறவர்கள் பூட்ஸில் மாட்டும் பன்னிரண்டு பல் க்ராம்பான் வேண்டாம். கெட்டியான பூட்ஸும் பயிற்சியும் இல்லாமல் அதை மாட்டினால் சொந்தக் கணுக்காலையே கிழித்துக்கொள்வீர்கள்.

வீட்டிலேயே ஒருமுறை மாட்டிப் பாருங்கள். முன்பக்கக் கம்பி ஷூ நுனிக்கு நடுவில் வரவேண்டும். ஒரு பக்கம் தள்ளியிருந்தால் அரை மைலில் கழன்றுவிடும். விரல் உறைந்த பிறகு ரப்பரை இழுக்க முடியாது, அதனால் பனி தொடங்குவதற்கு முன்பே, நிற்க வசதியான இடத்தில் மாட்டுங்கள். நீளமான பாறைப் பகுதி வந்தால் கழற்றுங்கள். பல் மழுங்கும், தடுக்கியும் விடும். வாங்க வேண்டாம் என்றால் எஸ்டஸ் பார்க் ஊரில் வாடகைக்குக் கிடைக்கும்.

கேள்வி (மினியாபொலிஸ்): தப்பா நினைக்காதீங்க, ஸ்பைக் எல்லாம் கடைக்காரன் வியாபாரம். நாங்க வருஷத்துல அஞ்சு மாசம் ஐஸ் மேலதான் நடக்கிறோம். நல்ல பூட்ஸ் போட்டு பெங்குவின் மாதிரி சின்ன அடி வெச்சா போதும்.

பதில்: உங்கள் ஊர் ஐஸ் தட்டையானது. அங்கே விழுந்தால் உட்கார்ந்த இடத்தில் உட்காருவீர்கள். ட்ரீம் ஏரிக்குச் சற்று முன்னால் பாதை ஒரு சரிவைக் குறுக்கே வெட்டிப் போகிறது. அங்கே வழுக்கினால் நிற்பது கீழே இருக்கும் மரத்தில்தான். பெங்குவின் நடை எடையை நேர்கீழாகக் கொண்டுவருவதற்கு. சரிவில் எடையின் ஒரு பங்கு பக்கவாட்டில் இழுக்கும், அதைப் பிடித்து வைக்க ரப்பருக்குத் தெம்பு இல்லை.

கேள்வி (டென்வர்): அண்ணே, அவர் சொல்றதுலயும் பாதி நியாயம் இருக்கு. பதினோரு மணிக்கு மேல பனி சோறு மாதிரி குழைஞ்சுடுது. ஸ்பைக் அடியில உருண்டை கட்டி இன்னும் வழுக்குது.

பதில்: இது சரியான பேச்சு. ஈரப்பனி சங்கிலிக்குள் அடைந்து கட்டை மாதிரி ஆகிவிடும். பத்தடிக்கு ஒருமுறை கைத்தடியால் ஷூ ஓரத்தில் தட்டி உதிர்க்க வேண்டும், அல்லது கழற்றிவிட வேண்டும். ஆனால் அதே மதியத்திலும் மர நிழலில் இருக்கும் துண்டு கல் மாதிரி இருக்கும். அதனால்தான் காலை 6 மணிக்கே தொடங்கச் சொல்கிறேன். இரவு வானம் தெளிவாக இருந்தால் பனி நன்றாக உறைந்து காலையில் வரப்பு தாங்கும். இரவு முழுக்க மேகம் மூடியிருந்தால் உறைந்திருக்காது. அன்றைக்குக் காலை ஏழு மணிக்கே கால் புதையும். முந்தைய இரவு வானத்தைப் பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.

கேள்வி (மினியாபொலிஸ்): அப்போ காலைல கெட்டி, மதியம் குழைவு. ரெண்டு வேளைக்கும் பூட்ஸ் போதும்னுதான் நானும் சொல்றேன்.

பதில்: காலையில் கெட்டியாக இருக்கும்போதுதான் ஸ்பைக்கே தேவை. மற்றதை மேலேயே சொல்லியாகிவிட்டது.

கேள்வி (நியூ ஜெர்சி): மதுரையிலேர்ந்து அம்மா வந்திருக்காங்க, 68 வயசு. பையனுக்கு அஞ்சு. எமரால்டு கூட்டிட்டுப் போகலாமா? அம்மா புடவைதான் கட்டுவாங்க.

பதில்: எமரால்டு வேண்டாம். ஸ்ப்ரேக் ஏரிக்குப் போங்கள். அதே பேர் லேக் சாலையில் கீழே, சுமார் 8,700 அடியில். ஒரு மைலுக்கும் குறைவான சுற்று, சமதளம், சக்கர நாற்காலியே போகும். பனி முதலில் தீர்வதும் அங்கேதான். ஏரி ஓரத்தில் உட்கார்ந்து மலைமுகட்டைப் பார்க்கலாம். எமரால்டில் கிடைக்காத காட்சி அது. புடவைக்கும் தடை இல்லை, கரண்டைக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே தெர்மல், காலுக்கு ஷூ. பேர் லேக்கைச் சுற்றி வரும் பாதை சின்னதுதானே என்று அங்கே அழைத்துப் போகாதீர்கள். நிழல் பக்கம் ஜூனிலும் ஐஸ் இருக்கும்.

உயரத்தைத்தான் நீங்கள் கேட்கவில்லை. 10,000 அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் எழுபது சதவீதம் அளவுக்குத்தான். விமானத்தில் இறங்கி மறுநாளே மேலே ஏற்றாதீர்கள். டென்வரில் (5,280 அடி) ஒரு இரவு, எஸ்டஸ் பார்க்கில் (சுமார் 7,500 அடி) ஒரு இரவு, அதற்கப்புறம் ஏரி. தலைவலியோடு வாந்தியும் வந்தால் மாத்திரை போட்டுக் காத்திருக்க வேண்டாம், காரில் ஏறிக் கீழே இறங்குங்கள். பையனை முதுகில் கட்டிக்கொண்டு பனியில் நடக்க வேண்டாம்; நீங்கள் மல்லாந்து விழுந்தால் அடி அவனுக்கு.

கேள்வி (சான் ஹோசே): டயமாக்ஸ் எவ்வளவு எடுக்கணும்?

பதில்: அது உயர நோய்க்கான மாத்திரை, டாக்டரைக் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள்.

கேள்வி (அட்லாண்டா): ஏரி உறைஞ்சிருந்தா நடுவுல நின்னு ஒரு போட்டோ எடுக்கலாமா? போன ஜனவரில ஃப்ரெண்டு எடுத்தான்.

பதில்: கூடாது. ஜனவரி ஐஸ் வேறு, ஜூன் ஐஸ் வேறு. வெயில் உள்ளே இறங்கி, படிகங்களுக்கு நடுவில் இருக்கும் பிடிப்பை உருக்கிவிடும். மேலே பார்த்தால் ஓரடி தடிமன். உள்ளே மெழுகுவர்த்திகளை நிறுத்தி அடுக்கியது போல் நெட்டுக்குத்தான ஊசிகள், ஒன்றையொன்று ஒட்டாமல். மிதித்தால் விரிசல் சத்தம்கூட வராது, அப்படியே சரிந்துவிடும். தடிமனை அளந்து பயனில்லை. ஓடை உள்ளே வரும் இடமும் வெளியே போகும் இடமும் இன்னும் மெலிசு. ட்ரீம் ஏரியில் நடைபாதை ஏரியைத் தொடுவதே ஓடை வெளியேறும் முனையில்தான். ஐஸ்மேல் ஏற்கெனவே காலடித் தடம் இருந்தால், அது எப்போது பதிந்ததோ.

கேள்வி (ஹூஸ்டன்): வருடாந்திர பாஸ் இருந்தா பெர்மிட் வேணாமில்ல?

பதில்: டல்லாஸுக்குச் சொன்ன பதில்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): ஹையாஹா ஏரி பால்பச்சையா இருக்கற போட்டோ பார்த்தேன். உண்மையா, எடிட்டிங்கா?

பதில்: உண்மை. 2022 ஜூன் 28 அன்று மேலே கேயாஸ் பள்ளத்தாக்கில் பெரிய நிலச்சரிவு. பாறை மாவு நீரில் கலந்து மிதந்து, நிறமே மாறிவிட்டது. ஆனால் ஜூன் தொடக்கத்தில் பார்க்கப் போகாதீர்கள். ஏரி பனி மூடிக் கிடக்கும், பச்சை தெரியாது. ட்ரீமுக்குச் சற்று முன்னால் பிரியும் பாதை வெயில் படாத சரிவில் ஏறுகிறது. அங்கே தடம் பக்கவாட்டில் சாய்ந்து, அரையடி அகலம்தான் இருக்கும். ஜூலை நடுப்பகுதி நல்லது. கடைசித் துண்டு பெரும்பாறைகள்மேல் தாவுவது, அதற்கும் பனி இல்லாமல் இருப்பதே மேல்.

கேள்வி (பாஸ்டன்): ஸ்கை பாண்ட்?

பதில்: ஜூனில் அந்த ஏரி வேண்டாம். டிம்பர்லைன் அருவி ஓரம் பாறையைப் பிடித்து ஏற வேண்டும், அது ஐஸ் பூசிக் கிடக்கும். பனிக்கோடரி பிடித்துப் பழகாதவர்கள் தி லாக் ஏரியோடு திரும்புங்கள். க்ளேசியர் கார்ஜ் பாதைத் தொடக்கத்திலிருந்து 3 மைல், அதுவே அழகு.

கேள்வி (ராலே): ஸ்னீக்கர்ஸ் போட்டு வரலாமா சார்?

பதில்: மேலே பார்க்கவும்.

கேள்வி (டெட்ராய்ட்): யெல்லோஸ்டோன் ஜூன்ல எப்படி?

பதில்: எல்லைக்கு வெளியே.

கேள்வி (சாக்ரமெண்டோ): ஓடைத் தண்ணி பனி உருகினதுதானே, குடிக்கலாமா? ஃபில்டர் எடுத்துட்டு வரேன்.

பதில்: வடிகட்டித்தான் குடிக்கணும், ஜியார்டியா என்ற குடல் கிருமி இருக்கிறது. உங்கள் ஃபில்டர் உள்ளே மெல்லிய குழாய் போன்ற இழைகள் இருக்கும் வகையா? ஒருமுறை நனைந்தபின் உறைந்தால் இழை வெடித்துவிடும். வெளியே தெரியாது, தண்ணீர் வழக்கம்போல் வரும், கிருமியும் வரும். இரவு காரில் விடாதீர்கள், சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (போர்ட்லாண்ட்): நாய், ட்ரோன்?

பதில்: பாதையில் நாய் கூடாது. ட்ரோன் பூங்காவில் எங்கேயும் கூடாது.

கேள்வி (டாம்பா): மூஸ் வந்தா?

பதில்: மூஸும் எல்க்கும் பெரிய மான் வகைகள். மூஸிடமிருந்து 120 அடி தள்ளி நில்லுங்கள், அதாவது மூன்று பேருந்து நீளம். எல்க்குக்கு 75 அடி. மே கடைசியும் ஜூனும் எல்க் குட்டி போடும் காலம்; தனியாகப் படுத்திருக்கும் குட்டி அநாதை அல்ல, தாய் பக்கத்தில்தான் இருக்கும், முன்னங்காலால் உதைக்கும். மூஸ் காதைப் பின்னால் மடித்தால் ஓடலாம், ஓடிப் பெரிய மரத்துக்குப் பின்னால் போய்விடுங்கள்.

கேள்வி (சிகாகோ): சார், திரும்ப நான்தான். எங்களுக்கு மதியம் 1 மணி பெர்மிட்தான் கிடைச்சது. போகலாமா?

பதில்: குழைந்த பனி, மதிய இடிமேகம், இரண்டும் சேரும். ட்ரீம் வரை போய் ஏரிக்கரைப் பாறையில் உட்காருங்கள். இல்லையென்றால் அதிகாலை 5-க்கு முன்பே சாலைக்குள் நுழைந்துவிடுங்கள், அந்த நேரத்துக்கு அனுமதி தேவையில்லை. ஹெட்லேம்ப் எடுத்துக்கொள்ளுங்கள். ஏரி ஐஸ்மேல் கால் வைக்காதீர்கள்.

கேள்வி (மினியாபொலிஸ்): ஸ்பைக் வாடகை ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்?

பதில்: கடைக்குக் கடை மாறும். பனி தொடங்கும் முன்பே மாட்டுங்கள்.